சம்பந்தி வீட்டுப் போர்வீரரும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகமும்

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் தன் இணைய அட்டவணையில் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கும் விடுதலைப் போர் ஓய்வூதியக் கோப்புகளை, தேவகோட்டையில் எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்தபடி ஏறக்குறைய நான்கு மாதங்கள் புரட்டிய பிறகு இதை எழுதுகிறேன். என் மருமகள் அமெரிக்கப் பெண். அவருடைய தாய்வழி முன்னோர் ஒருவர் 1775 முதல் 1783 வரை நடந்த அந்தப் போரில் கனெக்டிகட் படைப்பிரிவு ஒன்றில் இருந்தார் என்பது அவர்கள் வீட்டில் வாய்வழியாக வந்த செய்தி. "ஐயா, நம்ம பக்கம் இளையாத்தங்குடி வரைக்கும் சொல்றீங்க, அம்மா பக்கமும் தேடித் தாங்களேன்" என்று பேத்தி கேட்டதில்தான் இந்த வேலை தொடங்கியது.

நகரத்தார் வீட்டில் வம்சம் தேடுவது அவ்வளவு கடினமன்று. எந்தக் குலக்கோயில் (எங்களுக்கு இளையாத்தங்குடி), எந்த ஊரில் புள்ளி, அதாவது குடும்பக் கணக்கு, என்று கேட்டாலே பாதி வழி கடந்துவிடலாம். பெட்டகத்தில் இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தப் பத்திரம் ஒன்று கிடைத்துவிட்டால் இரண்டு வீட்டார் பெயரும் தேதியும் கைக்கு வந்துவிடும். அங்கே அப்படி ஒன்றும் இல்லாததால், முதலில் ஒரு கட்டண வம்சாவளித் தளத்தில் ஓராண்டுச் சந்தா கட்டினோம். பெயர் வேண்டாம். அது நீட்டிய குடும்ப மரத்தில் நம் வீரர் ஒன்பது வயதிலேயே தகப்பனாகியிருந்தார். அதே பெயருடைய இருவரை ஒருவராக ஒட்டிவிட்டிருக்கிறார்கள்.

காப்பகத்தின் கோப்புகள் வேறு வகை. ஓய்வூதியமும் போர்ச் சேவைக்கான நிலமானியமும் கேட்டு எழுதப்பட்ட விண்ணப்பங்கள் ஏறத்தாழ 80,000 கோப்புகளாக உள்ளன. பக்கக் கணக்கு இருபது லட்சத்தைத் தாண்டும். கோப்பு எண்ணின் முன்னெழுத்து எஸ் என்றால் உயிரோடிருந்த வீரரின் விண்ணப்பம், டபிள்யூ என்றால் விதவையினுடையது, ஆர் என்றால் நிராகரிக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்டதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. ஏன் மறுத்தார்கள் என்ற விவாதத்தில்தான் பல சமயம் குடும்பச் செய்தி கொட்டிக் கிடக்கும்.

இவ்வளவு செய்தி சேர்ந்ததற்கு ஒரு தீ விபத்தும் காரணம். 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் எரிந்து, அதற்கு முந்தைய விண்ணப்பங்கள் அழிந்தன. பின்னர் 1818ஆம் ஆண்டுச் சட்டம், ஒன்பது மாதமாவது சேவை செய்து இப்போது வறுமையில் இருப்பவர்களுக்கு ஓய்வூதியம் என்றது. கூட்டம் பெருகவே, 1820இல் சொத்துப் பட்டியலைச் சத்தியம் செய்து கொடுக்கச் சொன்னார்கள். நம் வீரரின் பட்டியலில் ஒரு பசு, ஓர் இரும்புச் சட்டி, காலொடிந்த மேசை, திருப்பித் தர வேண்டிய கடன் ஆகியவை இருக்கின்றன. உடுதுணியையும் படுக்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்பது விதி. பெண் வீட்டுச் சாமான்களை ஸ்பூன் வரை எழுதும் முறைச்சிட்டைகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, இல்லாமையை இவ்வளவு துல்லியமாக எழுதிய ஒரு சிட்டையைப் படித்தபோது சற்று நேரம் அடுத்த பக்கத்துக்குப் போக மனம் வரவில்லை.

1832ஆம் ஆண்டுச் சட்டம் வறுமைச் சான்று கேட்கவில்லை. ஆறு மாதச் சேவை போதும், ஊர்ப்படையில் இருந்தவர்களுக்கும் உண்டு. ஆனால் எங்கே பிறந்தாய், வயதுக்கு என்ன பதிவு இருக்கிறது, படைக்குப் போகும்போது எந்த ஊரில் இருந்தாய், உடனிருந்த அதிகாரிகள் யார் என்று நீதிமன்றத்தில் வரிசையாகக் கேட்பார்கள். அந்த வாக்குமூலங்களே சிறு சுயசரிதைகளாக இருக்கும். நம்மவருக்கு அந்த வாய்ப்பு இல்லை, 1829இலேயே இறந்துவிட்டார். 1794க்கு முன் மணந்த விதவைகளுக்கு வழி திறந்த 1838ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர் மனைவி விண்ணப்பித்தார். திருமணச் சான்று இல்லாததால் குடும்ப பைபிளிலிருந்து பிறப்பு, திருமணக் குறிப்புகள் இருந்த தாளையே கிழித்து இணைத்திருக்கிறார்.

பக்கங்கள் கையெழுத்துப் படங்கள் என்பதால் பொறுமை வேண்டும். நீண்ட எஸ் எழுத்து எஃப் போலவே தெரியும். புள்ளி வைக்காமல் எழுதிய பழைய ஏடுகளையும் தமிழ் எண்கள் நிறைந்த பேரேடுகளையும் பார்த்த கண்ணுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். தன்னார்வலர்கள் படியெடுத்துத் தட்டச்சு செய்து வைத்துள்ள பக்கங்களும் உண்டு. நாமும் பதிந்துகொண்டு செய்யலாம்.

ஆனால் அடக்கம் எங்கே என்று கேட்டால் இக்கோப்புகள் பெரும்பாலும் பேசுவதில்லை. இறந்த தேதியைச் சொல்லும், புதைத்த இடத்தைச் சொல்லாது. அரசுக்கு வேண்டியது பணம் கொடுப்பதை எப்போது நிறுத்துவது என்பது மட்டுமே. கல்லறைப் படங்களைத் தேடியபோது, நியூயார்க் மாநிலத்தின் மேற்கில் இரண்டு வெவ்வேறு வட்டாரங்களில் இவர் பெயரில் இரண்டு இடங்கள் வந்தன. ஒன்றில் பளிச்சென்ற வெள்ளைச் சலவைக்கல், படைப்பிரிவின் பெயரோடு. மற்றொன்றில் மனைவியின் தேய்ந்த கல் மட்டும். பக்கத்தில் வெறும் புல்.

எல்லோரும் சலவைக்கல்லையே நம்புவார்கள், நானும் நம்பினேன். ஆனால் தனியார் இடுகாடுகளில் கிடக்கும் வீரர்களுக்கும் அரசே கல் தரலாம் என்ற ஏற்பாடு 1879இல்தான் வந்தது. 1925க்குப் பிந்தைய கல் விண்ணப்பப் படிவங்களில் கேட்டவர் யார், எந்த இடுகாடு என்று இருக்கும். இந்தக் கல்லை 1930களில் கேட்டிருப்பவர் இளைய மகன் வழிப் பேரனின் பிள்ளை. விதவையின் 1838 வாக்குமூலமோ, கணவர் மூத்த மகன் வீட்டில் இறந்தார் என்று ஊர்ப்பெயரோடு சொல்கிறது. அந்த ஊர்தான் தேய்ந்த கல் நிற்கும் ஊர்.

சேவையைத் தேட இந்தக் காப்பகம் ஒன்றே போதும் என்பேன். அடக்கத்துக்கு அந்தந்த ஊர் அலுவலகத்துக்கு எழுதத்தான் வேண்டும். நாங்கள் எழுதினோம். இடுகாட்டுப் பதிவேட்டில் அந்த மனையை வாங்கியவர் மூத்த மகன் என்று மட்டும் இருந்தது. அதனால் பேத்தியின் தாளில் "இங்கே அடக்கம்" என்று மையால் எழுதாமல், "இங்கே இருக்கலாம்" என்று பென்சிலால் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.