கயிற்றில் தொங்கிய ஐந்து காகிதப் பைகள்

2020 டிசம்பரில், கொரோனா சமயத்தில், ஊருக்குப் போய் வந்தேன். விமானம், பரிசோதனை, தனிமை நாட்கள் எல்லாம் ஒரு குறையுமில்லாமல் கழிந்தன. இன்னும் மனதை விட்டுப் போகாதது அம்மாவை அழைத்துப்போன ஆஸ்பத்திரி வாசலில் நடந்ததுதான்.

வாசலில் நின்ற பையன் கைக்கு சானிடைசர் அடித்தான். சரி. அப்புறம் "அப்படியே நில்லுங்கண்ணா" என்று என் முகத்தில் இருந்த என்95 மாஸ்க் மேலேயே இரண்டு முறை பீய்ச்சினான். கண் எரிந்தது, மாஸ்க் மூக்கோடு ஈரமாக ஒட்டிக்கொண்டது. நான் கத்திவிட்டேன். "விடுப்பா, நல்லதுக்குத்தானே செய்யறான்" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

நல்லதுக்கு என்று நினைத்து அவன் செய்வதுதான் என் வயிற்றெரிச்சலே. அந்த மாஸ்க்கின் நடு அடுக்கு மெல்லிய பாலிப்ரொப்பிலீன் இழை. நுண்துகளை அது சல்லடைபோல மட்டும் தடுப்பதில்லை. இழையில் ஏற்றி வைத்திருக்கும் மின்னூட்டம் துகளை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஆல்கஹால் பட்டால் அந்த மின்னூட்டம் போய்விடும். சோப்புத் தண்ணீரில் அலசினாலும் அதே கதிதான். கிருமி செத்திருக்கும், மாஸ்க் புதுசு மாதிரி இருக்கும், ஆனால் வடிகட்டும் திறன் சரிந்திருக்கும். அதை நம்பி ஒருவர் நோயாளி பக்கத்தில் போய் நிற்பார்!

அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலும் அந்த வருஷம் மாஸ்க்குக்குத் தவித்தோம். மார்ச் கடைசியில் பேட்டல் நிறுவனத்தின் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி முறைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அவசர அனுமதி தந்தது. பயன்படுத்திய மாஸ்க்கைப் பையில் போட்டு அனுப்பினால் சுத்தமாகித் திரும்பி வரும். அந்தப் பெரிய இயந்திரம் இல்லாத இடத்தில் என்ன செய்ய முடியும் என்றுதான் நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே வார்டில் ஒரு கயிறு. அதில் கிளிப் போட்டு ஐந்து காகிதப் பைகள், ஒவ்வொன்றிலும் பேனாவால் கிழமை, நர்ஸின் பெயர். "இன்னிக்குப் போட்ட மாஸ்க்கை அடுத்த வாரம் இதே கிழமைதான் தொடுவேன்" என்றார் அந்த சிஸ்டர். எனக்கு உடம்பு சிலிர்த்தது. குறைந்தது 5 நாள் மூச்சுவிடும் காகிதப் பையில் ஆறப்போடச் சொன்ன அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசியின் வழியும் இதுதான். சோதனைக்கூடத்தில் பிளாஸ்டிக் மேல் 72 மணி நேரம் வரை இந்த வைரஸ் உயிரோடு இருந்திருக்கிறது. 5 நாள் அதைத் தாண்டிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

ஒரு பையைத் திறந்து காட்டினார். வெளிப்பக்கத்தைத் தொடவே இல்லை, வாரை மட்டும் பிடித்தார். வாரை இழுத்துப் பார்த்து, "தொளதொளன்னு ஆயிட்டா தூக்கிப் போட்டுருவேன். ரத்தம், சளி பட்டதை இந்தப் பைக்கே கொண்டு வரமாட்டேன்" என்றார். அப்புறம் என் நனைந்த மாஸ்க்கைப் பார்த்துவிட்டு, அலமாரியில் எண்ணி வைத்திருந்ததிலிருந்து ஒரு புதுசை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

திரும்பும்போது வாசலில் அதே பையன், வருகிறவர்கள் மாஸ்க்கில் எல்லாம் அடித்துக்கொண்டிருந்தான். பத்து நிமிஷம் நின்று விளக்கினேன். "எனக்கு இப்படித்தாண்ணா சொல்லியிருக்காங்க" என்றான். நிர்வாக அறையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோதும் அதே பாட்டில். அம்மா இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.