ஆஸ்பத்திரி திறந்துதான் இருக்கிறது

2024 நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஊருக்குப் போய்வந்தேன். ரொறொன்ரோ திரும்பியதும் எல்லோரும் கேட்டது, "இப்ப சாமான் எல்லாம் கிடைக்குதோ?" என்றுதான். கிடைக்கிறது. 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் கேள்விப்பட்ட பெற்றோல் வரிசை இல்லை, காஸ் சிலிண்டருக்கு அலைச்சல் இல்லை, கரண்ட் வெட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஐஸ்கிறீம் கடையில் இடம் பிடிக்கத்தான் வரிசை. டொலரோடு போகிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. நானும் பெரியம்மாவோடு கிளினிக் போயிருக்காவிட்டால் அப்படியே சொல்லிவிட்டு இருந்திருப்பேன்.

பெரியம்மாவுக்குச் சீனியும் பிறசரும். மாதம் ஒருமுறை அரச ஆஸ்பத்திரியில் கிளினிக். அங்கே வைத்தியரைப் பார்க்கவும் காசில்லை, மருந்துக்கும் காசில்லை. அது இன்றைக்கும் மாறவில்லை. விடியவே ஓட்டோவில் போய் நம்பர் எடுத்துக்கொண்டு வாங்கில் இருந்தோம். வைத்தியர் ஒருவர்தான் இருந்தார், அடுத்த அறை பூட்டியிருந்தது. "அந்த டொக்டர் லண்டன் போட்டார், ஆள் போடேல்லை" என்றார் பக்கத்தில் இருந்த ஐயா. இது ஒரு ஆஸ்பத்திரியின் கதையல்ல, நெருக்கடிக்குப் பிறகு அரசாங்கம் போட்ட செலவு வெட்டின் கதை. அரச ஊழியரின் ஓய்வு வயதை 60 ஆக்கி 2022 கடைசியோடு ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளிநாடு போய் உழைத்து டொலர் அனுப்புங்கள் என்று ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறைக்கும் அதே ஆண்டு வழி திறந்தார்கள். புதிதாக ஆள் எடுப்பதையும் இறுக்கிவிட்டார்கள். சம்பளச் செலவைக் குறைக்கப் பார்த்தார்கள், வாங்கில் காத்திருக்கும் நேரம் கூடியது.

வைத்தியர் நல்ல மனுசன். கொப்பியைப் பார்த்து ரெண்டு கேள்வி கேட்டு எழுதித் தந்தார். மருந்து கொடுக்கிற ஜன்னலில்தான் விசயம் இருக்கிறது. உள்ளே இருந்த பிள்ளை கொப்பியை வாங்கி, சிவப்புப் பேனையால் ஒரு மருந்தைச் சுற்றி வட்டம் போட்டு, அதன் பெயரைச் சின்னத் துண்டில் எழுதி நீட்டியது. "இது உள்ளுக்கை இல்லை அம்மா, வெளியால எடுங்கோ." பெரியம்மா மறுபேச்சில்லாமல் துண்டை வாங்கி மணிப்பேசுக்குள் வைத்தார். அதற்குள் பழைய துண்டுகளும் கிடந்தன.

வெளியால என்றால் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற பாமசி. எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாவின் துண்டில் ஒரு மாதத்துக்கு எழுதியிருந்தது. அவர் விலையைக் கேட்டார், கையில் இருந்ததை எண்ணினார், "பத்து நாளுக்குத் தாங்கோ தம்பி" என்றார். பாமசிப் பொடியன் கேள்வி கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்து மாத்திரை அட்டையை வெட்டினான். அந்தக் கத்தரிக்கோல் மேசையில் கைக்கெட்டிய இடத்திலேயே இருந்தது. மிச்ச இருபது நாளுக்கு அந்த அம்மா என்ன செய்வார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் செலவு வெட்டின் தலையில் போடவும் முடியாது. களவும் இருக்கிறது. தரமில்லாத மருந்துக் கொள்வனவு வழக்கில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைதானது ஊரில் எல்லோருக்கும் தெரியும். "இருக்கிறதையும் திண்டு போட்டாங்கள்" என்று பாமசி வாசலிலேயே பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் அஸ்வெசும. வறியவருக்கு அரசாங்கம் கொடுத்துவந்த சமுர்த்தி உதவிக்குப் பதிலாக 2023 நடுப்பகுதியில் வந்த காசுத் திட்டம் இது. தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500, அதற்கு மேலே உள்ளவர்களுக்குக் கொஞ்சக் காலத்துக்குச் சின்னத் தொகைகள். ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள் வைத்துப் புள்ளி போட்டு ஆளைத் தெரிவு செய்கிறார்கள். முன்பு கட்சிக்காரருக்குத் தெரிந்தவர் என்றால் சமுர்த்தி கிடைத்தது, அந்த வகையில் புள்ளிக் கணக்கு எவ்வளவோ மேல் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பெரியம்மாவின் பக்கத்து வீட்டு அக்கா கணவன் இல்லாதவர். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறார், ரெண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம். முன்பு சமுர்த்தி கிடைத்தது, அஸ்வெசுமப் பட்டியலில் பெயர் இல்லை. காரணம் வீடாக இருக்கலாம் என்று விதானையார், அதாவது கிராம சேவையாளர், சொன்னாராம். சீமெந்து வீடுதான். பிரான்சில் இருந்த தம்பி காசு அனுப்பிக் கட்டத் தொடங்கியது. தம்பிக்கு வேலை போக, பூச்சு வேலையோடு நின்றுவிட்டது. கணக்கெடுக்க வந்தவர் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டு போனாராம். சுவர் இருக்கிறதா, இருக்கிறது. கரண்ட் இருக்கிறதா, இருக்கிறது. நாளைக்கு அடுப்பெரியுமா என்று அந்தப் போனில் கேள்வி இல்லை. மேன்முறையீட்டுக்குப் போட்டோக் கொப்பி எடுத்ததும் பஸ் காசும் ஒரு பக்கம், கூலிக்குப் போகாமல் பிரதேச செயலகத்தில் நின்ற நாட்கள் இன்னொரு பக்கம். நாடு முழுக்க இப்படி மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன.

பள்ளிக்கூடம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இலவசச் சீருடைத் துணியில் பெரும்பங்கு 2024-இல் சீனா கொடுத்தது. போட்டோக் கொப்பித் தாளுக்குப் பழைய மாணவர் சங்கத்திடம் கை நீட்டுகிறார்கள், சங்கம் எங்களிடம் நீட்டுகிறது.

தாளில் பார்த்தால் இதில் பாதி வெட்டே இல்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு போட்ட ஏறக்குறைய 300 கோடி டொலர் உடன்படிக்கையில், வறியவருக்கான உதவிச் செலவு ஒரு மட்டத்துக்குக் கீழே போகக்கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் 2022-இல் 8 வீதமாக இருந்த வற் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது, காஸுக்கும் வரி வந்தது. மின்கட்டணத்தை 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூட்டிவிட்டு, பிறகு ஏற்றியும் இறக்கியும் மாற்றினார்கள். ஒரு கையால் தருவதை மற்றக் கையால் எடுக்கிற இந்த வேலையைக் கணக்குப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் எழுதுவதில்லை.

அரசாங்கம் விட்ட இடத்தை வெளிநாட்டுக் காசு நிரப்புகிறது என்று நாங்கள் பெருமையாகச் சொல்கிறோம். பெரியம்மாவின் துண்டுக்கு நான் காசு அனுப்புகிறேன், சரி. பாமசியில் பத்து நாளுக்கு வாங்கிய அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? ஊர்ச்சங்கம் ஆஸ்பத்திரிக்கு மெசின் வாங்கிக் கொடுக்கலாம், கட்டில் கொடுக்கலாம். பூட்டிய அறைக்கு வைத்தியரை நியமிக்கிற அதிகாரம் சங்கத்துக்கு இல்லை.

2025 ஜனவரியில் அஸ்வெசுமத் தொகைகளைக் கூட்டினார்கள். 15,000 பெற்றவருக்கு 17,500, 8,500 பெற்றவருக்கு 10,000. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சந்தோசமாக எடுத்துச் சொன்னேன். "பெயர் வந்தால்தானே அண்ணை" என்றார்.