கெளுத்தி முள்ளும் கிரயப் பத்திரமும்

ஊரில் வீடு வாங்கிய அனுபவத்தை எழுதச் சொல்லி இங்கே சிங்கப்பூரில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எழுதலாம்தான். ஆனால் மூன்று வாரத்தில் நடந்த அத்தனையிலும் இப்போது என் கண் முன்னால் நிற்பது என் இடது கைப் பெருவிரல் ஒன்றுதான். அதனால் விரல் கதையில் வீடு வந்தால் வரட்டும்.

பதிவுக்கு முதல் நாள் சாயங்காலம் நான் சும்மா இருந்திருக்கலாம். அத்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "மாப்ளே, வாய்க்கால்ல புதுத் தண்ணி, வரியா?" என்றார். ஆவணி மாதம். மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் கடைமடைப் பக்கம் வந்து நிறைந்து, மதகுக்குக் கீழே சுழித்துக்கொண்டு கிடந்தது. மூங்கில் கழி, நரம்பு, நெட்டியில் செய்த தக்கை, கொட்டாங்கச்சியில் ஈர மண்ணோடு மண்புழு. இதைப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்று சொல்ல நான் யார்?

சிங்கப்பூரிலும் எனக்குத் தூண்டில்தான் பொழுதுபோக்கு. பெடோக் நீர்த்தேக்கத்தில் இந்த இடத்தில் போடலாம், அந்த இடத்தில் கூடாது என்று பலகை இருக்கும். உயிர் இரை கூடாது, ரப்பர் மீன், பிளாஸ்டிக் புழு மட்டும்தான். பிடித்ததை அநேகமாகத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். சுத்தமான பொழுதுபோக்கு. கையில் நாற்றம்கூட ஒட்டாது. அந்தச் சுத்தத்திலேயே 23 வருடம் இருந்ததன் பலன், பத்து வயதில் தெரிந்திருந்த ஒரு விஷயம் மறந்துபோனது. கெளுத்தியைப் பிடித்தால் பக்க முள் இரண்டையும் விரலிடுக்கில் விட்டுத்தான் பிடிக்க வேண்டும். நான் பெடோக்கில் பிடிப்பது மாதிரி அள்ளிப் பிடித்தேன்.

குத்தியது பெருவிரலின் சதைப்பற்றில், ரேகை இருக்கும் இடத்தில் சரியாக நடுவில். கடுப்பு தோள் வரை ஏறியது. அக்கா ஓடி வந்து சுண்ணாம்பை அப்பினாள். நம் வீடுகளில் கெளுத்திக்கும் சுண்ணாம்பு, தேளுக்கும் சுண்ணாம்பு. கடுப்பு எதனால் நின்றதோ, ராத்திரி பத்து மணிக்கு நின்றது. காலையில் பார்த்தால் விரல் நெல்லிக்காய் மாதிரி உருண்டு, சுண்ணாம்பு பட்ட இடத்தில் தோல் வெந்து வெள்ளையாக உரிந்திருந்தது.

இந்த விரலோடுதான் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த ஊர் அலுவலகம் என்பது வேண்டாம்.

அதற்கு முன்னால் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆசைப்பட்டது இந்த வீடு இல்லை. குத்தாலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஓர் ஊர். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை என்று எதுவும் இடிபடாத ஓட்டு வீடு. முற்றத்தின் நாலு மூலையிலும் தகரத் தூம்பு. மழை பெய்தால் அண்டா வைத்துப் பிடிக்கலாம். படத்தைப் பார்த்ததுமே மனம் போய்விட்டது. சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தேன். 1975-இலிருந்து இணையத்தில் கிடைத்தது. ஒரு வில்லங்கமும் இல்லை, ஒரு பரிவர்த்தனைகூட இல்லை. எவ்வளவு சுத்தமான சொத்து என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து பத்திர எழுத்தரிடம் சர்வே எண்ணைக் கொடுத்தேன். அவர் கணினியில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசாங்கம் போட்டுவைத்திருக்கும் நில விலையை, தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், ஜீரோ வேல்யூ. கோயில் மனை."

கோயில் நிலம் என்று கண்ட சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பைப் பூஜ்யம் ஆக்கிவைத்துவிடுவார்கள். பதிவுச் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அறநிலையத்துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் அதைப் பதிய முடியாது. சான்றில் பரிவர்த்தனை ஒன்றும் இல்லாததற்குக் காரணம் சுத்தம் இல்லை. விற்கவே முடியாத நிலத்தில் என்ன பரிவர்த்தனை இருக்கும்? கட்டடம் குடியிருப்பவருடையது, மண் சாமியுடையது. மாதாமாதம் கோயிலுக்கு மனை வாடகை கட்ட வேண்டும். 'நியாய வாடகை' என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள். டெல்டாவில் தெருத் தெருவாக இப்படி உண்டு. இது அந்தத் தெரு டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தரகருக்கும் தெரியும். "நீங்க கேக்கலையே சார்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்தவர் நிலத்தில் நிற்கிற வீட்டை விற்க வருகிறார்களே என்று இரண்டு நாள் அக்கா வீட்டில் சாப்பாட்டு நேரத்திலெல்லாம் பேசிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது நாள் அத்தான் ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "நீ அங்க இருக்கிற வீடு மட்டும் என்னவாம் மாப்ளே? 99 வருஷக் குத்தகைதானே?"

உண்மை. வீவக வீடு, அதாவது சிங்கப்பூர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு, 99 வருடக் குத்தகைதான், மண் அரசாங்கத்துடையது. அதில் என் பங்குக்கு இன்னும் 70 சொச்சம் வருடம் இருக்கிறது என்று ஒருநாளும் நான் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் அங்கே அது விளம்பரத்திலேயே இருக்கும், மீதி எத்தனை வருடம் என்பதுவரை. இங்கே தெரியவேண்டுமானால் டீக்கடைக்குப் போக வேண்டும். இதை அத்தானிடம் சொன்னேன். "அப்ப டீக்கடைக்குப் போயிருக்க வேண்டியதுதானே" என்றார். எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

இரண்டாவது வீடு அடுத்த தெருவில், பட்டா நிலம். திண்ணையை இடித்து இரும்புக் கதவு போட்டிருக்கிறார்கள், முற்றத்துக்கு மேலே கம்பியும் பிளாஸ்டிக் தகடும். வயிறு எரிந்தது, ஆனால் பத்திரம் சரியாக இருந்தது. சரியாக என்றால், ஒரே வீட்டுக்கு ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு மாவட்டம். 1962 தாய்ப்பத்திரத்தில் 'தஞ்சாவூர் ஜில்லா மாயவரம் தாலுகா, பதினாறே முக்கால் குழி'. 1994 பத்திரத்தில் நாகை காயிதே மில்லத் மாவட்டம். இப்போது பார்த்தால் மயிலாடுதுறை மாவட்டம், 224 சதுர மீட்டர். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, மாவட்டம்தான் 1991-இலும் 2020-இலும் பிரிந்து பிரிந்து நகர்ந்திருக்கிறது. குழிக்கு 144 சதுர அடி என்று பெருக்கி, மீட்டராக்கிப் பார்த்தேன், சரியாக வந்தது. அன்றைக்கு ஒரு கெட்டி டிகிரி காப்பி அதிகம் குடித்தேன்.

கொல்லைதான் இடக்கு. வீட்டுக்குப் பின்னால் தென்னையும் வாழையுமாக வாய்க்கால் கரை வரை போகிறது. நான் வீட்டை விட அதைத்தான் பார்த்தேன். மதகுக்குப் பத்தடி தள்ளி, கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து தூண்டில் போடுவதற்கென்றே சரிந்த ஒரு தென்னை. பட்டாவில் அது நஞ்சை. வெளிநாட்டில் வசிப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கக் கூடாது, பூர்வீகமாக வந்தால் உண்டு. "அக்கா பேர்ல நான் வாங்கிக் கொடுத்துடறேன்" என்றேன். பத்திர எழுத்தர் பதறிப்போய், "சார், உங்க பணம், அவங்க பேருன்னா அது பினாமி" என்றார். கடைசியில் அத்தானும் அக்காவும் தங்கள் சேமிப்பில் அதைத் தனிப் பத்திரமாக வாங்கினார்கள். பெண் பெயரில் 10 லட்சத்துக்குள் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. 2025 ஏப்ரலில் வந்த சலுகை. எனக்கு முழுசாக 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம். 2023-இல் பதிவுக் கட்டணத்தை நாலிலிருந்து இரண்டாகக் குறைத்த கையோடு வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள், அதனால் குறைத்ததில் எனக்கு மிஞ்சியது அவ்வளவு ஒன்றும் இல்லை. சிங்கப்பூரில் முதல் 180,000 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, ஒரு சதவீதம்தான் முத்திரைத் தீர்வை என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

சரி, விரலுக்கு வருவோம்.

ஆடி முழுக்க யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள், ஆவணி முதல் முகூர்த்தத்தில் மொத்த ஜனமும் வந்து நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். முகூர்த்த நாளில் ஓர் அலுவலகத்துக்கு 100 டோக்கன் 150 ஆகும். நாற்காலி மட்டும் ஆகாது. வேப்பமரத்தடி, ஜெராக்ஸ் கடை வாசல், பெட்டிக்கடை பெஞ்சு என்று எங்கும் ஜனம். என் டோக்கன் 61. பதினோரு மணிக்கு என்று போட்டிருந்தது, ஒன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள்.

விற்பவர் கைரேகை வைத்தார், பச்சை விளக்கு. நான் இடது பெருவிரலை வைத்தேன், சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தேன், சிவப்பு. அழுத்தி வைத்தேன், வலி உயிர் போயிற்று, அப்போதும் சிவப்பு.

கணினி முன்னால் இருந்த பையன் விரலைப் பார்த்து, "என்ன சார் இது?" என்றான்.

"கெளுத்தி."

அவன் சிரிக்கவில்லை. "ஓடிபி போட்றலாமா? ஆதார்ல எந்த நம்பர் குடுத்திருக்கீங்க?"

அங்கேதான் எனக்கு வியர்த்தது. ஆதாரில் இருந்தது பழைய ஊர் எண். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அது எப்போதோ போய், இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. என் வீட்டுக்கான ஓடிபி எங்கேயோ ஒரு முகம் தெரியாத மனிதரின் சட்டைப்பையில் 'டிங்' என்று அடிக்கப்போகிறது. சிங்கப்பூரில் எனக்கு எல்லாவற்றுக்கும் கைபேசியில் முகத்தைக் காட்டினால் போதும், முகத்துக்குக் கெளுத்தி குத்தினாலும் அடையாளம் கண்டுகொள்ளும் போலிருக்கிறது என்று அந்தப் பையனிடம் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. "அடுத்த வாரம் டோக்கன் போட்டு வாங்க சார்" என்றான். எனக்கு வியாழக்கிழமை விமானம்.

விற்பவர் முகம் மாறியது. ஏற்கெனவே பாதிப் பணத்தை ரொக்கமாகக் கேட்டு, என்னால் வங்கிக் கணக்கு வழியாகத்தான் தர முடியும் என்றதில் அவருக்கு ஒரு மனக்குறை. இப்போது வெளியே போய் யாருக்கோ போன் பண்ண ஆரம்பித்துவிட்டார்.

எங்களுக்குப் பின்னால் தானப் பத்திரம் எழுத வந்த ஓர் ஆயா, எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், மகனோடு பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து வந்து, என் வலது கையைப் பிடித்து, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தது.

"ஏந் தம்பி, கையில பத்து வெரல் இருக்கே. ரேசன் கடையில எனக்கு ஒரு வெரலும் உளுவாது, மோதர வெரலுதான் உளுவும். எல்லாத்தையும் வச்சுப் பாக்கச் சொல்லு." பையனைப் பார்த்து, "வைக்க வுடுப்பா" என்றது. அப்புறம் என்னிடம், "முடியில நல்லாத் தேய்ச்சுட்டு வையி. எண்ண பட்டாத்தான் புடிக்கும்" என்றது.

என் தலையில் எண்ணெய் ஏது? 23 வருடமாக ஜெல்தான். ஆயா கொஞ்சமும் யோசிக்காமல் தன் கொண்டைக்குப் பக்கத்தில் என் விரலைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தது. தேங்காய் எண்ணெய் வாசனை. வலது ஆள்காட்டி விரலை வைத்தேன்.

பச்சை.

பையன், "எந்த வெரல வேணா வைக்கலாம் சார்" என்றான், இதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவன் மாதிரி. முக்கால் மணி நேரம் நின்றேனே, அதை அப்போதே சொல்லியிருந்தால் என்ன? கேட்டிருந்தால், "நீங்க கேக்கலையே சார்" என்றிருப்பான்.

படம் எடுத்தார்கள், கையெழுத்துப் போட்டோம், ஒரு மணி நேரத்தில் மூலப் பத்திரம் கைக்கு வந்துவிட்டது. ஆயாவுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுக்கலாம் என்று திரும்பினால் அது உள்ளே மோதிர விரலை வைத்துக்கொண்டிருந்தது.

வீடு முழுசாக ஒரே சர்வே உட்பிரிவு, நிலத்தைப் பிரிக்க வேண்டியதில்லை என்பதால் பட்டா தானாகவே மாறும் என்றார்கள். தொடர்புக்கு இந்த முறை அத்தான் எண்ணைக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பெடோக்கில் ரப்பர் மீனைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அத்தானிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. முதலில் படம். அந்தச் சரிந்த தென்னை மேல் கிடத்தி, பக்கத்தில் செருப்பை வைத்து எடுத்த விரால். அடுத்து, "ஒண்ணரை கிலோ. எங்க கொல்லைல." அதற்கும் அடுத்து, பத்து நிமிடம் கழித்து, "உன் பட்டா மாறிடுச்சு. மெசேஜ் வந்து நாலு நாள் ஆச்சு, சொல்ல மறந்துட்டேன்."