செகண்ட் ஹேண்ட் ஸ்வரோவ்ஸ்கி இஎல் 8.5×42 பைனாகுலர்: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

பத்து வருடம் உழைத்த நிக்கான் மோனார்க்கை விற்று, மேலே சேமிப்பையும் போட்டு, பறவை பார்க்க வரும் ஒருவரிடம் இதை வாங்கினேன். புதிதாக வாங்க எனக்கு வழியே இல்லை.

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் இதன் அருமை தெரிகிறது. கோரைக்குள் நிற்கும் நீலத் தாழைக்கோழியின் நீலம் அந்த மங்கலிலும் பிரிந்து தெரியும், முன் லென்ஸின் அகலமான 42 மில்லிமீட்டரை உருப்பெருக்கமான 8.5ஆல் வகுத்தால் வருவது கிட்டத்தட்ட ஐந்து மில்லிமீட்டர், கண் பக்கம் வெளிவரும் அந்த ஒளி வட்டம் அந்த நேரத்துக் கண்ணுக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஓரம் வரை கூர்மை, கண்ணாடி போட்டவர்களுக்கும் முழுக் காட்சி.

குறையும் உண்டு. ஃபோகஸ் சக்கரம் ஒரு பக்கம் திருப்பும்போது லேசாக நெருடுகிறது, பச்சை ரப்பர் உறை கை படும் இடத்தில் தேய்ந்திருக்கிறது. எண்ணூறு கிராமைத் தாண்டுவதால் கழுத்தும் வலிக்கும்.

வாங்கும்போது தயவுசெய்து நேரில் பாருங்கள். இதற்கு முன் வேறொருவர் "புதுசு மாதிரி" என்று காட்டிய பைனாகுலரில், பெரிய லென்ஸ் பக்கமிருந்து டார்ச் அடித்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை, நம் கடலோர ஈரத்துக்கு அது சகஜம். அப்புறம் தூரத்து டவர் ஒன்றைப் பத்து நிமிடம் பாருங்கள், இரண்டு பிம்பமும் ஒன்றாகச் சேராமல் கண் இழுத்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நான் இதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்கிறேன், மழைக்காலம் முழுக்க அப்படியே.