திரும்ப வாசிப்பதா, மூடிவைத்து எழுதிப் பார்ப்பதா?

மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டு அதே பக்கத்தை மூன்று தடவை வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அதுதான் சிக்கல், கண்ணுக்குப் பழகியதை மண்டையில் ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களை வைத்தே இதைச் சோதித்தார்கள்: ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்ப வாசித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் போனதும் அப்படியே தலைகீழ், 42க்கு 56.

சரி, பரீட்சை ஹால் வாசலில் நிற்கிறீர்கள் என்றால் வாசித்துத் தள்ளுங்கள். மற்றபடி என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். புத்தகத்தை மூடி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நினைவுக்கு வந்ததையெல்லாம் கிறுக்கி, அப்புறம் திறந்து விட்டுப்போனதை மட்டும் பாருங்கள். முதல் தடவை பாதிகூட வராது, எரிச்சலாகத்தான் இருக்கும்.