ஊருக்குப் போகும்போது நாயை எங்கே விடுவது: போர்டிங்கா, வீட்டிலேயா, சொந்தக்காரர் வீட்டிலா, கூடவேயா?

எங்கள் நாய் மைனா இறந்தபோது நான் தென்காசியில் கல்யாண வீட்டில் இருந்தேன். நாத்தனார் மகள் கல்யாணம், ஐந்து நாள் பயணம். சென்னை குரோம்பேட்டையிலிருந்து கிளம்பும் முன் அவளைப் புறநகரில் ஒரு போர்டிங்கில், அதாவது காசு வாங்கிக்கொண்டு நாயைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், விட்டோம். நாளுக்கு 700 ரூபாய். கூண்டு கிடையாது, ஓடியாட இடம் உண்டு, தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். மூன்றாம் நாள் வந்த போட்டோவில் அவள் பாயில் படுத்திருந்தாள், பக்கத்தில் எவர்சில்வர் தட்டு. நான் ஒரு இதயத்தை அனுப்பிவிட்டு மருதாணிக்குக் கையை நீட்டினேன். மறுநாள் காலை ஆறரைக்குப் போன்: "அக்கா, மைனா எந்திரிக்கல."

ஒரு வாரம் கழித்துத்தான் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டில் தயிர்சாதம் வைத்தபடியே இருந்தது. மேலே காய்ந்து, வெடிப்பு விட்டு, ஓரத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அது காலையில் வைத்த சோறு. பகல் முழுக்க அவள் அதைத் தொடவில்லை. போட்டோ எடுத்த பையனுக்கு அது தெரியவில்லை, இதயம் அனுப்பிய எனக்கும் தெரியவில்லை.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது வீட்டில் வாண்டு என்கிற நாய் இருக்கிறான், பஞ்சு என்று ஒரு ஆண் பூனையும் இருக்கிறது. ஊருக்குப் போகாமல் இருக்க முடியாது. பொங்கல், கல்யாணம், சாவு என்று வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் இருக்கிற எல்லா வழிகளையும் ஒவ்வொரு பயணத்தில் பார்த்துவிட்டேன். போர்டிங் தேடும்போது எல்லோரும் இடம் பெரிதா, ஏசி உண்டா, நீச்சல் குளம் உண்டா என்று கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் எந்த இடமும் நல்ல இடம்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு நாய் மூச்சு வாங்கினால் அதை யார் பார்ப்பார், பார்த்தவர் யாரைக் கூப்பிடுவார், கூப்பிட்டவர் வண்டி எடுப்பாரா? நான் இந்த மூன்றை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்கிறேன்.

முதலில் போர்டிங். அதன் பெரிய பலம், நாய்களோடு பழகிய ஆட்கள் அங்கே நாள் முழுக்க இருப்பது. இளம் நாய், கூட்டம் பிடிக்கும் நாய், எல்லா ஊசியும் போட்ட நாய் என்றால் அங்கே சந்தோஷமாகவே இருக்கும். வாண்டு ஒருமுறை இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பும்போது காரில் ஏறவே மறுத்தான். ஆனால் அங்கே ஒரு ஆள் பதினைந்து நாயைப் பார்க்கிறார். அவருக்குச் சண்டை தெரியும், வாந்தி தெரியும், ரத்தம் தெரியும். ஒரு நாய் கொஞ்சம் மந்தமாக இருப்பது தெரியாது. புது இடம் என்பதால் முதல் நாள் பல நாய்கள் சாப்பிடாது. அது சகஜம் என்று அவர் பழகியிருப்பார். மூன்றாம் நாளும் சாப்பிடாவிட்டால் அது சகஜமில்லை என்று பிரித்துப் பார்க்க, அந்த நாயைத் தெரிந்திருக்க வேண்டும்.

மைனாவுக்கு நடந்தது இதுதான். எங்கள் டாக்டர் அவள் வயிற்றைப் பார்த்ததும் இரண்டே கேள்வி கேட்டார்: "கடைசியா எப்போ ஹீட்ல இருந்தா? தண்ணி நிறைய குடிச்சாளா?" ஹீட், அதாவது பெண் நாயின் இனச்சேர்க்கைப் பருவம், முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. போர்டிங் பையனைக் கேட்டேன். "ஆமாக்கா, தண்ணி மட்டும் நல்லா குடிச்சா, மூணு கிண்ணம்" என்றான். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னான். கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். கருத்தடை செய்யாத, வயதான பெண் நாய்களுக்கு ஹீட் முடிந்து 4 முதல் 8 வாரத்துக்குள் வரக்கூடிய நோய் அது. தண்ணீர் அதிகம் குடிப்பது, சோறு வேண்டாம் என்பது, வயிறு உப்புவது, படுத்தே கிடப்பது. சீழ் வெளியே வடிந்தால் கண்ணில் படும். உள்ளேயே அடைபட்டால் தெரியாது, அதுதான் ஆளைக் கொல்வது. நேரத்தோடு அறுவை செய்து கர்ப்பப்பையை எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். பதினொரு வயதுப் பெண் நாயைக் கருத்தடை செய்யாமல் வைத்திருந்ததும், ஹீட் முடிந்ததைப் போர்டிங்கில் சொல்லாமல் விட்டதும் நான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

போர்டிங் என்றால் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் கடித்த அன்றே தெரியாது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத் தெரியும். அதனால் நாய் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதம் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தடவிப் பாருங்கள். ஊசி எல்லாம் போட்டு முடியாத குட்டியை எந்தப் போர்டிங்கிலும் விடாதீர்கள், பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடலாம். உங்களிடம் ஊசி அட்டை கேட்காத இடம், பக்கத்துக் கூண்டு நாயிடமும் கேட்டிருக்காது. அங்கிருந்து திரும்பி வந்துவிடுங்கள்.

கிளினிக்கோடு சேர்ந்த போர்டிங் பாதுகாப்பு என்று நானும் நம்பினேன். பகலில் டாக்டர் இருப்பார் என்பது உண்மை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போய்விடும் கிளினிக்குகளும் உண்டு. "ராத்திரி உள்ளே யார் படுத்துக்கிறாங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அங்கே யாரும் படுப்பதில்லை. சர்க்கரை, வலிப்பு, இதய நோய் என்று தினமும் மருந்து கொடுக்க வேண்டிய நாய்க்கு மட்டும் நான் இதைத் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்தது வீட்டிலேயே விட்டு ஆள் வைப்பது. இங்கே இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காலை, சாயங்காலம் வந்து சோறு வைத்துவிட்டுப் போவது ஒன்று. ராத்திரி நம் வீட்டிலேயே படுப்பது இன்னொன்று. நாய்க்கு முதல் வகை போதாது. சாயங்காலம் ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணி வரை பன்னிரண்டு மணி நேரம் யாரும் இல்லை. தீபாவளி நேரமானால் இன்னும் மோசம், வெடிச் சத்தத்தில் ஜன்னல் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்ட நாயை எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

பூனைக்கு அந்த முதல் வகையே சிறந்தது. பூனைக்கு மனிதரைவிட இடம் முக்கியம். அதைக் கூடையில் போட்டு வேறு வீட்டுக்குக் கொண்டுபோனால் கட்டிலுக்கு அடியில் போய்ச் சாப்பிடாமல் கிடக்கும். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரல் கெட ஆரம்பித்துவிடும், அதிலும் குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம். பஞ்சுவை வீட்டிலேயே விடுகிறோம். எதிர் வீட்டு அம்மா தினம் இருமுறை வருகிறார். அவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: மணல் தட்டில் ஈரக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். தட்டுக்குப் போய்ப் போய் உட்கார்ந்து கத்தியும் கட்டி விழவில்லை என்றால் அப்போதே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவர் ஒரு பழைய கரண்டியால் மணலைக் கிளறி, கட்டியை எண்ணி, "ரெண்டு இருக்கு, கண்ணு" என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவார். ஒரு நல்ல போட்டோவைவிட எனக்கு அந்தக் குரல் மேல்.

நாய்க்கு ராத்திரி தங்கும் ஆள் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. அந்த ஆள் தொழில்முறை சிட்டராக, அதாவது காசுக்கு வீட்டில் வந்து நாயைப் பார்த்துக்கொள்பவராக இருக்கலாம், வீட்டு வேலைக்கு வரும் அக்காவாக இருக்கலாம், கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகனாக இருக்கலாம். தெரியாத சிட்டரை நேரடியாக ஐந்து நாளுக்கு ஒப்படைக்காதீர்கள். ஊரில் இருக்கும்போதே ஒரு ராத்திரி தங்கச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் அன்று ராத்திரி முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தூங்கினார். வாண்டு கதவைப் பிறாண்டியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை.

சொந்தக்காரர் வீட்டில் விடுவது செலவில்லாதது, மனசுக்கும் இதமானது. என் அம்மா வீடு மாதிரி நாய்க்கு ஏற்கனவே பழகிய வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம். பழகாத வீடு என்றால் பயம் ஒன்றுதான்: கேட். பால்காரர் வருவார், கூரியர் வரும், குழந்தை திறந்து போடும். புது வீட்டுக்குப் போன நாய் முதல் இரண்டு நாளில் நம்மைத் தேடி வெளியே பாயும், பாய்ந்தால் வழி தெரியாது. தொலைந்த நாய் இறந்த நாயைவிடப் பெரிய துக்கம், முடிவே தெரியாமல் வருஷக்கணக்கில் ஓடும். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் பொறித்த தகடு போடுங்கள். உங்கள் நம்பரோடு, அந்த வாரம் உள்ளூரில் இருக்கிறவரின் நம்பரும் இருக்கட்டும். தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பும் நல்லது, ஆனால் அதைப் படிக்கக் கருவி வேண்டும். தெருவில் நாயைப் பிடிக்கும் மனிதரிடம் அது இருக்காது. சொந்தக்காரரிடம் இன்னொரு சங்கடம் உண்டு. கல்யாண வீட்டில் இருக்கிறவர்களை எதற்குத் தொந்தரவு செய்வது என்று அவர்கள் சொல்லாமல் விடுவார்கள். அன்பால்தான் அப்படிச் செய்கிறார்கள். "சாப்பிடலைன்னா உடனே சொல்லுங்க, நான் பயப்பட மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் போன் வரும்.

கூடவே அழைத்துப் போவது கடைசி வழி. ரயிலில் முதல் வகுப்பில் கூப்பே (இரண்டு பேர் அறை) அல்லது கேபின் (நாலு பேர் அறை) முழுவதும் நமக்கே ஒதுக்கப்பட்டால் நாய் நம்மோடு வரலாம். அது கிடைக்குமா என்பது சார்ட் தயாராகும்வரை தெரியாது. ஸ்லீப்பரிலும், இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு ஏசியிலும் அனுமதி இல்லை. இல்லாவிட்டால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. தென்காசிக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி முழுக்க இரும்புப் பெட்டிக்குள், இருட்டில், தனியாக. நான் செய்ய மாட்டேன். காரில் சுமார் 600 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் காட்டி, வாரைக் கையில் சுற்றிய பிறகே கதவைத் திறந்து போனால் முடியும், வாண்டுவோடு ஒருமுறை போனோம். சாப்பிட இறங்கும்போது மட்டும் ஒருவர் வண்டியில் ஏசியோடு இருக்க வேண்டும். வெயிலில் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். பக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்கள் அதைத் தாங்காது. அப்புறம், கல்யாண வீடு நாய்க்கு நல்ல இடம் இல்லை. மேளம், கூட்டம், திறந்த கேட், கீழே கிடக்கும் எலும்பு.

எந்த வழியானாலும் இப்போது ஒரு தாள் எழுதிக் கொடுக்கிறேன். டாக்டர் நம்பர், அவர் இல்லாவிட்டால் ராத்திரியில் எங்கே போவது, மருந்து, ஹீட் எப்போது முடிந்தது, ஒரு வேளை சாப்பிடாவிட்டால் எனக்குப் போன், இரண்டு வேளை சாப்பிடாவிட்டால் டாக்டர். நான் போனை எடுக்காவிட்டாலும் அறுவைக்குச் சம்மதம், இத்தனை ரூபாய் வரை கேட்காமல் செலவழிக்கலாம். கடைசியில் எழுதக் கை வராத ஒரு வரி: இறந்துவிட்டால் நான் வரும்வரை புதைக்க வேண்டாம்.

அந்த வரியை மைனா எழுத வைத்தாள். அன்று காலை போனிலேயே, "இங்கேயே தோட்டத்துல புதைச்சிடலாமா, வெயில் ஏறுது" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது தப்பில்லை, நம் ஊர் வெயிலில் அரை நாள்கூடத் தாங்காது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எதிர் வீட்டு அம்மாவின் மகன் காரில் போய், வழியில் மீன் கடையில் ஐஸ் வாங்கி, அவளைப் பாயோடு சுற்றி எடுத்து வந்தான். நாங்கள் தாலி கட்டி முடித்ததும் கிளம்பி ராத்திரி வந்து சேர்ந்தோம். செங்கல்பட்டுப் பக்கம் என் சித்தப்பா மனையில் நாலடி ஆழம் தோண்டிப் புதைத்தோம். காதை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். பார்க்க முடிந்ததே என்று இன்றுவரை நினைக்கிறேன்.

இந்தப் பொங்கலுக்கு மறுபடி தென்காசி, நாலு நாள். பஞ்சு வீட்டில். வாண்டுவுக்குப் போர்டிங் பிடிக்கும் என்றாலும் அண்ணன் மகனை வீட்டில் தங்கச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு வாண்டுவை நன்றாகத் தெரியும். தினமும் சோறு வைத்து அரைமணி நேரம் கழித்துத் தட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, நாய் முகம் வேண்டாம் என்றேன். சரி அத்தை என்றான்.