வார்டா, வீட்டு வாசலா? மலைத் தோட்டங்களில் மனநலச் செவிலியத்தின் இரண்டு களங்கள்

மனநலச் செவிலியத்தில் ஊசி, மாத்திரை, குறிப்பேடு எல்லாவற்றுக்கும் அடித்தளமாக இருப்பது செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே உருவாகும் நம்பிக்கை உறவு என்பதை இத்துறையில் எவரும் மறுப்பதில்லை. அந்த உறவை எங்கே வளர்ப்பது என்பதில்தான் இரண்டு தரப்பு இருக்கிறது. வார்டில் சேர்த்துக் கண்பார்வையில் வைத்துப் பேணுவதே பாதுகாப்பு என்பது ஒரு சாரார் கருத்து. நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் பயன் தரும் என்பது மறு சாரார் கருத்து. நீலகிரியில் சில ஆண்டுகள் வார்டிலும், அதற்குப் பிறகு கோத்தகிரி, கூடலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வீடு வீடாகவும் இந்த வேலையைச் செய்தவள் நான். நீண்ட கால நோய் உள்ளவருக்கு வீட்டு வாசலில் தொடரும் உறவே வலுவானது என்பது என் முடிவு. ஆனால் அந்த உறவு பெரும்பாலும் வார்டில்தான் தொடங்குகிறது. தொடங்கிய செவிலியரே அதைத் தொடர வேண்டும்.

இந்த உறவைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ், அது 1952-இல். இன்று செவிலியர் கல்லூரிகளில் அறிமுகக் கட்டம், செயல்பாட்டுக் கட்டம், முடிவுக் கட்டம் என்று மூன்றாகவும், அவற்றுக்கு முன்னால் செவிலியர் தன்னைத் தயார்செய்துகொள்ளும் ஒரு கட்டத்தோடும் இதைக் கற்பிக்கிறார்கள். பதற்றத்தையும் அவர் லேசானது, மிதமானது, கடுமையானது, பீதி என நான்கு நிலைகளாகப் பிரித்தார். கடைசி இரண்டு நிலைகளில் இருப்பவருக்கு வார்டுக்கு நிகரான இடம் இல்லை என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். நள்ளிரவில் குரல்கள் கேட்டு அலறும் மனிதரிடம் நீண்ட விளக்கம் எதுவும் எடுபடாது. "நான் சிஸ்டர். இது ஆஸ்பத்திரி. உங்க பக்கத்துலதான் இருக்கேன்" என்ற அளவுக்குச் சின்னச் சின்னச் சொற்களே காதில் விழும். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவும், கூட்டத்தை விலக்கவும், மருத்துவரை உடனே அழைக்கவும், தற்கொலை எண்ணம் உள்ளவரை இடைவிடாமல் கவனிக்கவும் வார்டில் ஆள் இருக்கிறது. குரல் கேட்பது போன்ற மனநோய் அறிகுறிகளுக்கான ஹாலோபெரிடால் மருந்து போட்ட பிறகு ஒருவர் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருந்தால், அது நோயின் கொந்தளிப்பா, அந்த மருந்தே உண்டாக்கும் நிலைகொள்ளாமையா என்று மணிக்கணக்கில் பார்த்துப் பிரித்தறிவதும் அங்கேதான் நடக்கும். கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. ஆடி மழையில் மண் சரிந்துவிட்டால் அந்தப் பாதையும் அடைபடும். நெருக்கடியான ஓர் இரவை அப்படிப்பட்ட இடத்தில் வீட்டிலேயே கழித்துவிடலாம் என்று எந்தக் குடும்பத்துக்கும் நான் சொல்ல மாட்டேன்.

வார்டின் குறை அதன் சாவியில் இருக்கிறது. சாவி செவிலியரிடம் இருக்கிறது. எப்போது சாப்பிடுவது, எப்போது படுப்பது, யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் அவர் சொல்லில் நடக்கிறது. அந்த நிலையில் நோயாளி மனம் திறந்து பேசுவது நம்பிக்கையாலா, நல்லபடியாகப் பேசினால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்ற எண்ணத்தாலா என்று கண்டுபிடிப்பது எளிதல்ல. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த அதிகாரத்துக்குக் கரை கட்டியிருக்கிறது. தானாக முடிவெடுக்க முடியாத அளவுக்கு நோய் முற்றிய ஒருவரை, அவருடைய நியமனப் பிரதிநிதியின், அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவரின், விண்ணப்பத்தின்பேரில் முதல் முறை 30 நாள் வரைதான் சேர்த்து வைத்திருக்கலாம். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் உடலளவில் கட்டுப்படுத்தலாம். அப்போதும் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிரதிநிதிக்குத் தெரிவித்தாக வேண்டும். இவ்வளவு இருந்தும் சாவி செவிலியர் கையிலேயே இருக்கிறது.

என் பிழை ஒன்றும் வார்டில்தான் நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இளைஞர், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க சிஸ்டர், ஒண்ணு சொல்றேன்" என்றார். அவர் பேசத் தொடங்கியதே பெரிய வெற்றி என்று நினைத்து, சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் தலையணை உறையைப் பிரித்து, விழுங்குவதாகக் காட்டி நாக்குக்கு அடியில் ஒளித்துச் சேர்த்து வைத்திருந்த மாத்திரைகளைக் காட்டினார். உமிழ்நீரில் நனைந்து காய்ந்ததால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அன்று மாலையே மருத்துவரிடம் சொன்னேன், சொல்லாமல் இருக்கவும் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த இளைஞர் வீடு திரும்பும் வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உயிர் தொடர்பான செய்தியைச் சிகிச்சைக் குழுவோடு பகிர்ந்துகொள்வேன் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அறிமுகக் கட்டத்தின் முதல் பாடம். வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டில் கதவு நோயாளியுடையது. அவர் திறந்தால்தான் உள்ளே போக முடியும், இன்று வேண்டாம் என்று சொன்னால் திரும்பித்தான் வர வேண்டும். மறுக்கும் உரிமை உள்ளவர் தரும் சம்மதத்துக்கு இருக்கும் மதிப்பை நான் தோட்டத்தில்தான் உணர்ந்தேன். ஒரு பெண் மூன்று முறை கதவைத் திறக்கவில்லை. நான்காம் முறை, மதிய இலை எடை போட்டு முடிந்து அவர் வீடு திரும்பும் நேரம் கேட்டறிந்து போனேன். திண்ணையில் உட்காரச் சொன்னார். 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. வீட்டை லயம் என்றும் தேநீரைத் தேத்தண்ணி என்றும்தான் இன்றைக்கும் சொல்வார்கள். பால் சேர்க்காத தேத்தண்ணியும் தனியாக ஒரு துண்டு வெல்லமும் வந்தன. நோயாளியிடம் எதையும் வாங்கக் கூடாது என்று வார்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அந்த விதிக்கு வார்டில் நல்ல காரணமும் உண்டு. வாசலில் அந்தத் தம்ளரை மறுத்திருந்தால் ஐந்தாம் முறை அந்தக் கதவு திறந்திருக்காது. பணமும் பொருளும் வேண்டாம், தேநீர் குடிக்கலாம் என்பது அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட எல்லை.

அழைக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நட்புறவும் சிகிச்சை உறவும் வேறு வேறு என்பது இந்தப் படிப்பின் அடிப்படை. நட்பில் இருவரின் தேவையும் நிறைவேறும், சிகிச்சை உறவில் நோயாளியின் தேவை மட்டுமே நோக்கம். அதனால் உறவுமுறைச் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்று சிலர் கருதுகிறார்கள். வார்டில் நாம் "சிஸ்டர்", அவர்கள் பெயராலோ படுக்கை எண்ணாலோ அறியப்படுபவர்கள். படுக்கை எண்ணால் அழைப்பதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. வீட்டில் அந்த அம்மாள் என்னை "பாப்பா" என்றார், நான் அவரை "அக்கா" என்றேன். தமிழில் அக்கா என்று அழைப்பதால் எல்லை அழிந்துவிடுவதில்லை, மரியாதையின் அளவு மட்டுமே அதில் தெரிகிறது. என் வீட்டுக் கவலையை அவரிடம் இறக்கி வைக்கும்போதுதான் எல்லை அழிகிறது. தன் தாயின் சாயலில் இருக்கும் நோயாளிக்கு வேண்டியதைவிட அதிகமாகச் செய்வதும், தன்னை அதட்டிய பெரியப்பாவின் சாயலில் இருப்பவரிடம் காரணமின்றிக் கடுமையாவதும் எதிர்மாற்றம் எனப்படும். அது வார்டிலும் வரும், வீட்டிலும் வரும். உறவுச் சொற்கள் புழங்கும் வீட்டில் விரைவாகவே வரும் என்பதால், ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும் பேச்சை அப்படியே எழுதி மூத்த செவிலியரிடம் காட்டும் பழக்கம் அங்கே இன்னும் அதிகமாகத் தேவை.

கண்ணால் பார்த்து அறிவதில் வீட்டுக்கு வார்டு ஈடாகாது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று மருத்துவமனையில் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் பிரிக்காத அட்டைகள் செருகியிருக்கும். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு தள்ளாடி நடந்து, கை அதிகமாக நடுங்கினால், இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஆபத்தாக ஏறியிருக்கலாம். "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல" என்று வீட்டார் சொல்லும் அந்த வாந்தியின் பொருளை வாசலில் நிற்கும் செவிலியர்தான் படிக்க முடியும். கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் வீடுகளில் பூச்சிமருந்துப் பாட்டில் அடுப்படி மூலையில் இருக்கும். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது, மாறாக அவருக்கு ஆறுதல் தரும். வார்டில் அதைக் கேட்கலாம்; வீட்டில் அதைக் கேட்டுவிட்டு, அந்தப் பாட்டிலை அண்ணன் வீட்டில் பூட்டி வைக்கும்படி அன்றே ஏற்பாடும் செய்யலாம், கட்டணமில்லாத 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைத்துவிட்டும் வரலாம்.

இத்தனை சொன்னாலும் வீடு தானாகவே கனிவான இடம் ஆகிவிடாது. ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்டு 6 அன்று தீயில் இறந்த 28 பேர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள். வார்டும் கிடைக்காமல் வீடும் ஏற்காமல் இருந்தவர்களின் கதி அது. எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சட்டம் இன்று தெளிவாகச் சொல்கிறது. ஆயினும் பின்னறைக் கதவுக்கு வெளியே தாழ் போட்ட வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். இரகசியம் காப்பதும் வீட்டில் கடினம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டின் சுவர் கூரைவரை எழும்பாத இடங்களில் பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும். அந்த அக்காவே ஒரு நாள், "பாப்பா, டிவிய கொஞ்சம் சத்தமா வச்சுக்கிறேன்" என்று எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து, என் காதருகே உட்கார்ந்து தனக்குக் கேட்கும் குரல்களைப் பற்றி முதன்முறையாகச் சொன்னார். வார்டில் அதற்குத் தனி அறை இருக்கிறது. நேரக் கணக்கிலும் வார்டே சிக்கனம்: மாலை 4 மணிக்குமேல் தேயிலைக்குள் காட்டெருமை இறங்கும் பகுதிகளில், ஒரு நாளில் நான்கைந்து வீடுகளுக்குமேல் போக முடியாது.

வீடு சார்ந்த மறுவாழ்வுச் சேவையைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு உரிமையாகவே சொல்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வாசலுக்கு வருகிறது, ஆகவே மலையில் அது முடியாத காரியம் இல்லை. நடைமுறையில் நான் வருந்துவது, வார்டில் பழகிய செவிலியர் ஒருவர், வீட்டுக்குப் போகும் செவிலியர் வேறொருவர் என்ற பிரிவினைக்காக. புதிய முகத்திடம் நோயாளி முதல் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரே செவிலியர் இரண்டு இடத்திலும் இருந்தால், நலமாக இருக்கும் நாளில் திண்ணையில் உட்கார்ந்து, அடுத்த முறை நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தனக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்ற முன்கூட்டிய விருப்ப ஆவணத்தை நோயாளி எழுத அவர் துணை நிற்கலாம். அந்த ஆவணத்தோடு வார்டுக்கு வருபவருக்குச் சாவியில் ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது.

முடிவுக் கட்டத்தில் மட்டும் வார்டு வீட்டைவிடத் தெளிவானது. அங்கே வெளியேறும் நாள் ஒன்று இருக்கிறது, அதை முன்கூட்டியே சொல்லிப் பிரிவுக்குத் தயார்செய்யலாம். மலையிலோ கோத்தகிரி பேருந்து நிலையத்திலும், உதகை மார்க்கெட்டிலும், கோயில் திருவிழாவிலும் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அதனால் கடைசிச் சந்திப்பில் ஒன்று சொல்லிவிடுவேன்: "வெளியில பார்த்தா நானா முதல்ல பேச மாட்டேன்க்கா, நீங்க பேசினா பேசுவேன்." சென்ற மார்கழியில் பேருந்துக்கு நின்றபோது அந்த அக்கா எதிரே வந்தார். உடன் மருமகள் இருந்தாள். என்னைப் பார்த்தார், கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு கடந்து போனார். நானும் பேருந்து வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.